இருமுறை பிழைத்த விமானம்

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருவதாகக் கூவிக்கொண்டு தெருவில் வரும் வியாபாரியை நேயர்கள் பலரும் அறிந்திருப்பீர்கள். அவன் கூடையில் விழுந்த பொருள் மறுபடியும் வீடு திரும்புவதில்லை. காயலான் கடைக்குப் போன பண்டம் உருகி உருமாறுமேயன்றிப் பழைய உருவில் உயிர் பெறுவது அருமை. அவ்வாறு காயலான் கடைக்கென்றே ஒதுக்கப்பட்டு, அடித்து நொறுக்கப்பட்டு, பின்னர் மீண்டும் வானில் ஏறிய ஒரு விமானக் கூட்டத்தின் கதையை இன்று சொல்ல விழைகின்றேன். அக்கூட்டத்துள் ஒன்று இருமுறை கைவிடப்பட்டு, இருமுறை பிழைத்தது.

அவ்விமானங்களின் பெயர் லிபரேட்டர். அமெரிக்காவின் கன்ஸாலிடேட்டட் கம்பெனி வகுத்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் அது. முதன்முதல் 1939ஆம் ஆண்டு டிசம்பரில் பறந்தது. இரண்டாவது உலக யுத்தம் முடிவதற்குள் 18,000க்கு மேற்பட்ட லிபரேட்டர்கள் செய்யப்பட்டுவிட்டன. ஃபோர்டு கம்பெனி வில்லோ ரன் என்னுமிடத்தில் அமைத்த தொழிற்சாலையில், வேலை உச்சத்திலிருந்த காலத்தில், மணிக்கு ஒரு விமானம் வெளிவந்ததாம். இறக்கையின் விரிவு 110 அடி. ஒவ்வொரு எஞ்சினுக்கும் 1,200 குதிரைச் சக்தி. குண்டுகள் இருக்கும் அறையின் கதவுகள் வெளியே திறவாமல், கடைவீதியில் ஷட்டரைச் சுருட்டி மேலேற்றுவது போல விமானத்தின் இரு பக்கங்களிலும் சுருண்டு ஏறும். பார்வைக்கு அழகிய விமானம் என்று யாரும் சொல்லார். தடித்த உடல், மெலிந்து நீண்ட இறக்கை, வாலில் இரட்டைத் துடுப்பு. ஓட்டுவதற்கும் இலகுவானதன்று, சுக்கான் கனக்கும், பெட்ரோல் ஆவி உள்ளே கசிவதுண்டு. ஆனால் நெடுந்தூரம் பறப்பதில் அதற்கு நிகர் அக்காலத்தில் அரிது.

அந்த நெடுந்தூரமே அதனை நம் நாட்டிற்குக் கொண்டுவந்தது. பர்மாவும் மலாயாவும் ஜப்பானியர் கைப்பட்டபின், வங்கக் கடலைத் தாண்டிச் சென்று தாக்கித் திரும்பவல்ல விமானம் வேண்டியிருந்தது. 1944ஆம் ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப் படையின் லிபரேட்டர்கள் வங்காளத்திலிருந்து புறப்பட்டுப் பினாங்குத் துறைமுகத்தில் கண்ணிவெடிகளை இட்டுத் திரும்பின. போகவர 3,000 மைலுக்கு மேல். நம் சென்னையருகே பரங்கிமலையிலும் அவ்வாண்டில் லிபரேட்டர் அணியொன்று தங்கிக் கடலைக் காவல் புரிந்தது. இலங்கையிலே சிகிரியாவிலும் மின்னேரியாவிலும் இவற்றிற்கு ஓடுபாதைகள் இருந்தன.

யுத்தம் முடிந்தது. வந்த விருந்தாளிகளை என்செய்வது என்ற கேள்வி எழுந்தது. இங்கேதான் ஒரு சட்டச் சிக்கல். 1941ஆம் ஆண்டின் கடன் குத்தகைச் சட்டப்படி அமெரிக்கா பிரிட்டனுக்கு அளித்தவை இவ்விமானங்கள். அவை இரவற் பொருள். வேலை முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் அழித்துவிட வேண்டும். பிறர்க்கு மாற்றித் தருவதற்கு உரிமையில்லை. பல்லாயிரம் மைலுக்கு அப்பால் திருப்பி அனுப்பும் செலவோ, விமானத்தின் மதிப்பிற்கு மிஞ்சியது. ஆகவே கான்பூரை அடுத்த சகேரி விமானத் தளத்தில் லிபரேட்டர்களை வரிசையாக நிறுத்தி, அவை இனி ஒருகாலும் பறவாதபடி செய்யுமாறு உத்தரவாயிற்று. லாரிகளைக் கொண்டு மோதினர், உடலின் தகட்டைக் குத்திக் கிழித்தனர், கருவிகளை உடைத்தனர், எஞ்சின்களுக்குள் மணலைக் கொட்டினர். பகைவன் கைப்படாதிருக்க ஆயுதத்தை அழிப்பது போர் முறை. பகைவனே இல்லாதபோது அழிப்பது கணக்கர் முறை. எனினும் உத்தரவை நிறைவேற்றிய சிப்பாயைக் குறைகூறுவதற்கில்லை. அவன் வீட்டிற்குப் போகும் அவசரத்திலிருந்தான். அந்த அவசரத்தினாலேயே போலும், வேலை அரைகுறையாய் நின்றது.

இரண்டு மூன்று மழைக்காலங்கள் அவற்றின்மேல் பெய்து ஓய்ந்தன. புல் வளர்ந்தது. இதற்கிடையில் நாடு சுதந்தரம் பெற்றது. 1947ஆம் ஆண்டு அக்டோபரில் காஷ்மீரத்தில் போர் மூண்டது. புதிய இந்திய விமானப் படையிடம் சண்டை விமானங்கள் சில இருந்தன. பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றுமில்லை. டகோட்டாச் சரக்கு விமானத்தின் கதவு வழியே கையால் குண்டுகளை உருட்டிவிட்ட காலம் அது. வெளிநாட்டில் வாங்கப் பணமும் அரிது, விற்பவர் மனமும் அரிது. அந்த நிலையில்தான் கான்பூர்ப் புல்வெளியில் கிடந்த குப்பையின் நினைவு வந்தது.

அந்தக் குப்பையைத் தொடத் துணிந்தவர்கள் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர். அத்துணிவு குருட்டுத் துணிவன்று. வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் சமஸ்தான சர்க்காரும் சேர்ந்து 1940ஆம் ஆண்டில் தொடங்கிய அத்தொழிற்சாலையை யுத்த காலத்தில் அமெரிக்க விமானப் படை தன் பழுதுபார்க்கும் நிலையமாக நடத்திற்று. லிபரேட்டரின் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டிய கைகள் பெங்களூரில் இருந்தன. கல்லூரியில் கற்காத விமான சாஸ்திரத்தைப் பட்டறையில் கற்றிருந்தனர் அவர்கள். நம் நாட்டுத் தொழில் வரலாற்றை எழுதுவோர் பெருமுதலாளிகளின் பெயரையும் மந்திரிகளின் பெயரையும் எழுதுகின்றனர். எண்ணெய்க் கறை படிந்த இந்தக் கைகளைப்பற்றி ஒரு பாரா எழுதினால் அதுவே பெரிது.

1948ஆம் ஆண்டில் அவர்கள் கான்பூர் சென்று முகாமிட்டனர். செய்த வேலை எளிதாகச் சொல்லக்கூடியது, செய்வதற்குக் கடியது. ஒன்றின் இறக்கை நன்றாயிருக்கும், மூக்கு நொறுங்கியிருக்கும். இன்னொன்றின் சக்கரக் கால் நேராயிருக்கும், எஞ்சினில் மணலிருக்கும். நல்ல உறுப்புகளைத் தேர்ந்து ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் பூட்டினர். கிழிந்த தகட்டிற்கு ஒட்டுப் போட்டனர். வேகமானியையும் உயரமானியையும் இருந்தவற்றில் பொறுக்கி எடுத்தனர். இத்தகைய தற்காலிக மருத்துவம் செய்த விமானத்தைச் செவ்வையாகச் செப்பனிட வேண்டுமாயின் பெங்களூர்த் தொழிற்சாலைக்குக் கொண்டுபோதல் வேண்டும். கான்பூருக்கும் பெங்களூருக்கும் வான்வழி ஆயிரம் மைலுக்குச் சற்றே குறைவு. நொண்டிக் குதிரையின்மேல் ஏறி ஆயிரம் மைல் சவாரி செய்பவன் யார்?

அவர் பெயர் ஜம்ஷெட் முன்ஷி. தொழிற்சாலையின் தலைமைச் சோதனை விமானி. லிபரேட்டரை அதற்குமுன் ஓட்டிப் பழக்கமில்லாத அவர், அதன் குறிப்பு நூலைப் படித்துவிட்டே ஓட்டத் துணிந்தார் என்று அக்கால வரலாற்றை எழுதியோர் குறிப்பர். ஒருமுறை துணிந்தால் அது வீரம் எனலாம். அவரோ ஒன்றன்பின் ஒன்றாக, ஏறக்குறைய 40 விமானங்களை அவ்வாறே பெங்களூர் சேர்த்தார். ஒன்று பறந்தது என்பதனால் அடுத்தது பறக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையாக உடைக்கப்பட்டு, வெவ்வேறு வகையாக ஒட்டப்பட்டது. ஆகவே ஒவ்வொரு பயணமும் முதற் பயணமே. இம்மனிதரின் பெயரைத் தாங்கிய பாடம் நம் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெறாதது எனக்கு வியப்பாகவே இருக்கின்றது.

அவ்வாண்டு நவம்பர் 2ஆம் தேதி இந்திய விமானப் படையின் ஐந்தாம் அணி கான்பூரில் லிபரேட்டர்களுடன் தோன்றியது. 1951ஆம் ஆண்டில் ஆறாம் அணியும் அவற்றைப் பெற்றுக் கடற்காவலை மேற்கொண்டது. 1957இல் கான்பெர்ரா என்னும் ஜெட் விமானங்கள் வந்தபோது குண்டுவீச்சுப் பொறுப்பு அவற்றிற்கு மாறிற்று. 1961இல் ஏர் இந்தியாவின் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களும் ஆறாம் அணியிற் சேர்ந்தன. கிழ லிபரேட்டர்களோ அரபிக் கடலுக்கும் வங்கக் கடலுக்கும் மேலே தம் பாட்டிற்கு வட்டமிட்டுக்கொண்டிருந்தன. 1968ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில்தான் அவற்றிற்கு ஓய்வு கிடைத்தது. உதவாதென்று உடைத்துப் போட்டவை இருபது ஆண்டு உழைத்தன!

நிற்க. இதற்குள் பிற நாடுகளில் என்ன நடந்தது? பதினெண்ணாயிரம் லிபரேட்டர்களைச் செய்த அமெரிக்கா, யுத்தம் முடிந்ததும் அவற்றை வெட்டி உருக்கி அலுமினியக் கட்டிகளாக்கிவிட்டது. கால் நூற்றாண்டு கழித்துப் பொருட்காட்சி சாலைக்கு ஒன்று வேண்டும் என்று தேடியபோது, பறக்கும் நிலையிலுள்ள லிபரேட்டர்கள் இந்தியாவில் நிற்பது தெரியவந்தது. 1968இல் கனடாவிற்கு ஒன்று சென்றது. 1969இல் அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்துப் பீமா பொருட்காட்சி சாலைக்கு ஒன்று பறந்தே சென்றது. 1974இல் பிரிட்டிஷ் விமானப் படையின் பொருட்காட்சி சாலைக்கு ஒன்றை நம் விமானப் படை அன்பளிப்பாக வழங்கிற்று. மணலைக் கொட்டிவிட்டுப் போனவர்களின் நாட்டிற்கே, மணலை வெளியேற்றியவர்கள் அதனைத் திருப்பியளித்தனர். உலகில் இன்று முழு உருவோடு எஞ்சியுள்ள லிபரேட்டர்கள் இருபதிற்கும் குறைவே. அவற்றுட் பல நம் நாட்டின் வழியாக வந்தவை.

எல்லாவற்றிற்கும் அத்தகைய நல்வாய்ப்பு வரவில்லை. நான் தொடக்கத்தில் கூறிய விமானம், 1944ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாகாணத்து ஃபோர்ட்வொர்த்தில் பிறந்து, பிரிட்டிஷ் படையில் கே.எச்.191 என்ற எண் தாங்கிக் கீழ்நாட்டுப் போரில் உழைத்து, கான்பூர் மயானத்தில் கிடந்து, பெங்களூர்க் கைகளால் எழுந்து, இந்தியக் கடலைக் காத்தது. ஓய்வு பெற்றபின் மீண்டும் கைவிடப்பட்டது. இம்முறை யாரும் சம்மட்டியால் அடிக்கவில்லை. வெயிலும் மழையும் பதின்மூன்று ஆண்டுகள் தம் வேலையைச் செய்தன. அலுமினியத்திற்கு இரும்பைப் போலத் துரு கண்ணுக்குத் தெரியாது. தகட்டின் உள்ளடுக்கிலே அரித்துக்கொண்டே போகும்; மேலே பளபளப்பு இருக்கும்.

1980களின் தொடக்கத்தில் டக் ஆர்னால்டு என்னும் ஆங்கிலேயர் அதனைப் பெற்று, பகுதி பகுதியாகக் கழற்றி, சரக்கு விமானத்தில் ஏற்றி இங்கிலாந்து சேர்த்தார். 1984இல் அமெரிக்காவின் பாப் காலிங்ஸ் அதனை விலைக்கு வாங்கினார். காட்சிக்கு நிறுத்தும் அளவிற்குச் செப்பனிடுவதே அவருடைய முதல் எண்ணம். ஆனால் யுத்த காலத்தில் லிபரேட்டரில் பறந்த முதியவர்கள் அவரிடம் வந்து, நிற்கும் விமானத்தைச் சிலரே காண்பர், பறக்கும் விமானத்தைப் பல்லாயிரவர் காண்பர் என்று வற்புறுத்தினார்கள். ஃபுளோரிடாவில் டாம் ரெய்லியின் பட்டறையில் வேலை நடந்தது. ஐந்து ஆண்டுகள்; 97,000 மணி நேர உழைப்பு. கான்பூரில் கிடைத்ததைக் கொண்டு சில மாதங்களில் ஒட்டினார்கள். ஃபுளோரிடாவில் திருகாணி வரை கழற்றிப் புதுக்கினார்கள். 1989ஆம் ஆண்டு செப்டம்பரில் அது மீண்டும் பறந்தது. முதல் உயிர்ப்பு தேவையினால் நிகழ்ந்தது, இரண்டாவது அன்பினால் நிகழ்ந்தது. எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால் முதலாவதன் பக்கமே என் மனம் சாய்கின்றது. ஆயினும் இரண்டாவது இல்லாவிடில் முதலாவதைப்பற்றி இன்று பேசவே இடமிராது.

ஆனால் என் உள்ளத்தில் ஒரு சிறு முள் தைத்திருக்கின்றது. புதுக்கிய விமானத்திற்கு 'ஆல் அமெரிக்கன்' என்று பெயரிட்டனர். 1998இல் உடல் முழுவதும் ஒரு பறவை நாகத்தின் சித்திரம் எழுதினர். 2005இல் 'விட்ச்கிராஃப்ட்' என்ற மற்றொரு புகழ்பெற்ற லிபரேட்டரின் வேடம் புனைந்தனர். மூன்றுமே அது பங்குகொள்ளாத அமெரிக்க அணிகளின் கோலங்கள். பணம் தந்தவர்களும் கண்ணீர் மல்கப் பார்த்தவர்களும் அந்த அணிகளின் வீரர்கள். தம் விமானத்தைக் காண விரும்பியது இயல்பே. அவர்களைக் குறைகூறேன். எனினும் அவ்வுடல் நெடுங்காலம் சுமந்தது நம் மூவண்ண வட்டத்தை. ஒரு தகட்டின் மூலையிலேனும் பெங்களூர் என்ற சொல் இருந்திருக்கலாம்.

அந்த வட்டத்தோடு ஒரு லிபரேட்டரைக் காண விரும்புவோர் டில்லிக்குச் செல்லலாம். பாலம் விமானத் தளத்தை ஒட்டிய விமானப் படைப் பொருட்காட்சி சாலையில் கான்பூர்க் கூட்டத்து விமானம் ஒன்று இருக்கின்றது. அதன் பக்கம் போய் நின்றால், தகட்டின்மேல் வரிசை வரிசையாக ஓடும் ஆணித்தலைகளைக் காணலாம். அவற்றுள் எவை டெக்ஸாஸில் அடிக்கப்பட்டவை, எவை பெங்களூரில் அடிக்கப்பட்டவை என்று பிரித்தறிதல் அரிது.