ஆதுலர்சாலை இருந்த ஊரும் குளிர்காய்ச்சலும்

மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொன்னதும் நம்ம பெருமாள் கோயில் சுவர்தான் நினைவுக்கு வந்தது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இந்த திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது 950 வருஷத்துக்கு முன்னால், 15 படுக்கையோடு ஒரு ஆஸ்பத்திரி நடந்தது. அந்தக் காலத்துப் பேச்சில் ஆதுலர்சாலை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். யாருக்கு எவ்வளவு கூலி என்றுகூடக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நம்ம குழு நோட்டைவிடச் சுத்தமான கணக்கு! ஆனால் அது கோயில் ஊழியர்களுக்கும் வேதம் படித்த மாணவர்களுக்கும் ஏற்பட்டது. பிள்ளைத்தாய்ச்சிகளைப் பற்றி அதில் பேச்சில்லை.

அந்தப் பேச்சு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. மலேரியா என்கிற குளிர்காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்ததே 1897-ல். வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு அது வந்து, பிள்ளை எலிக்குஞ்சு மாதிரிப் பிறந்தால், "இவ ஒழுங்கா சாப்பிடல" என்று பழி பெற்றவள் தலையில்தான்.

பக்கத்து இலங்கையில் நடந்ததைக் கேளுங்கள். 1934-ல் மழை பொய்த்தது. ஓடுகிற ஆறுகள் வற்றி, குட்டை குட்டையாக நின்றது தண்ணீர். தெளிந்த அந்தத் தண்ணீரில் அனாபிலஸ் கொசு பெருகியது. கேகாலை, குருநாகல் பக்கம் அதுவரை காய்ச்சல் அதிகம் பார்க்காத ஜனங்கள். உடம்பில் எதிர்ப்பே கிடையாது. 1935-க்குள் சுமார் 80,000 பேர் செத்தார்கள். அந்தச் சமயம் கர்ப்பிணிகளைக் கவனித்த கொழும்பு மகப்பேறு மருத்துவர் விக்கிரமசூரிய, தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் மலேரியா என்ன செய்கிறது என்று 1937-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

விஷயம் இதுதான். கிருமி தாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது, சோகை வருகிறது. ஒருவகைக் கிருமி நஞ்சுக்கொடியிலேயே போய்த் தங்கிவிடும். அப்புறம் தாய் எவ்வளவு சாப்பிட்டாலும் பிள்ளைக்குப் போய்ச் சேருவது குறைவு. குறைமாதப் பிரசவமும் ஆகும். இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறக்கிற பிள்ளைகளில் இப்படிப்பட்டதும் உண்டு. பெற்றவளைத் திட்டி என்ன பிரயோஜனம்?

அதே இலங்கை 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கிவிட்டது. நாம் இன்னும் வாங்கவில்லை. நம்ம பாலாறும் வருஷத்தில் பாதி நாள் ஓடாது. மழை விட்டதும் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும்.

கர்ப்பிணிக்குக் குளிரோடு காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், காசு கிடையாது. மலேரியா மாத்திரையில் பிரைமாகுயின் கர்ப்பிணிக்கு ஆகாது. அதனால் கடையில் கேட்டு வாங்கிப் போடாமல், எத்தனை மாதம் என்பதை முதலிலேயே நர்ஸம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.