நாடு உள்ளே, கட்சி வெளியே! ஆர்மீனியாவின் 'டாஷ்னாக்' எதிர்க்கட்சி சொல்வது என்ன?

2025 ஆகஸ்ட் 8. வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் அதிபர் டிரம்ப் முன்னிலையில், ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் அமைதி ஒப்பந்த வரைவுக்கு முதற்கட்ட ஒப்புதல் அளித்தன. முப்பது வருஷத்துக்கும் மேலான சண்டை முடிவுக்கு வருது என்று உலக நாடுகள் வரவேற்றன. ஆனால் ஆர்மீனியாவிலேயே ஒரு தரப்பு கொதித்தது. "இது அமைதி இல்லை, சரணாகதி" என்பது அவர்கள் வாதம். அந்தத் தரப்பில் முன்வரிசையில் நிற்பது 'டாஷ்னாக்' கட்சி.

யார் இவர்கள்? 130 ஆண்டுகளைத் தாண்டிய ஒரு கட்சி, சொந்த நாட்டில் ஏன் இன்னமும் எதிர்க்கட்சியாகவே இருக்கிறது?

முழுப் பெயர் ஆர்மீனியப் புரட்சிக் கூட்டமைப்பு. ஆர்மீனிய மொழியில் 'டாஷ்னாக்சுத்யுன்' என்றால் கூட்டமைப்பு என்றுதான் அர்த்தம். 1890-ல் கிறிஸ்டபோர் மிகாயேலியன், ரோஸ்தம் என்று அழைக்கப்பட்ட ஸ்டெபான் ஜோரியன், சைமன் ஜவாரியன் ஆகிய மூவர் இதைத் தொடங்கினார்கள். தொடங்கிய இடம் ஆர்மீனியா இல்லை. இன்றைய ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசி! அப்போது ஆர்மீனியா என்று ஒரு நாடே கிடையாது. மக்களில் ஒரு பகுதி ரஷ்ய ஜார் ஆட்சியில், இன்னொரு பகுதி துருக்கி சுல்தான் ஆட்சியில் இருந்தார்கள்.

வெளியூரில் உட்கார்ந்து சொந்த மண்ணுக்கு அரசியல் எழுதுவது ஆர்மீனியர்களுக்குப் புதுசு இல்லை. அதற்கு நம்ம சென்னையே சாட்சி. 18-ம் நூற்றாண்டில் மதராஸில் வாழ்ந்த ஷாஹமீர் ஷாஹமீரியன் என்ற வணிகர், இல்லாத ஆர்மீனிய நாட்டுக்கு இங்கிருந்தே ஒரு அரசியல் சட்டம் எழுதி அச்சிட்டார். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-ல் வெளியானதும் மதராஸில்தான். பாரிமுனையில் 'அரண்மனைக்காரன் தெரு' என்கிறோமே, அது ஆர்மீனியன் தெரு என்பதன் திரிபு.

வங்கிக்குள் புகுந்த இளைஞர்கள்

டாஷ்னாக் கட்சியை உலகம் திரும்பிப் பார்த்தது 1896 ஆகஸ்ட் 26-ல். துப்பாக்கி, வெடிகுண்டுகளுடன் இருபதுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கான்ஸ்டான்டிநோபிளில் இருந்த ஒட்டோமான் வங்கிக்குள் புகுந்தார்கள். அது ஐரோப்பிய முதலீட்டில் நடந்த வங்கி. ஆர்மீனியர்கள் கொல்லப்படுவதை ஐரோப்பிய நாடுகள் தலையிட்டு நிறுத்த வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பேச்சுவார்த்தைக்குப் பிறகு, உயிர் பிழைத்தவர்கள் பத்திரமாக பிரான்ஸுக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். ஆனால் நகரத்தில் என்ன நடந்தது தெரியுமா? வங்கிக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்கள் தெருக்களில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

துணிச்சல் கட்சியுடையது, விலை கொடுத்தது உள்ளூரில் வாழ்ந்தவர்கள். கொலை செய்தவர்கள் இருக்க, கட்சியைக் குறை சொல்வது நியாயமா என்ற கேள்வியும் உண்டு. இந்த விவாதம் இன்று வரை ஓயவில்லை.

1907-ல் வியன்னா மாநாட்டில் கட்சி சோஷலிசத்தைக் கொள்கையாக ஏற்றது. 1908-ல் இளந்துருக்கியர்களை நம்பிக் கைகோத்தது. அதே இளந்துருக்கியர் ஆட்சிதான் 1915-ல் இனப்படுகொலையை நடத்தியது. அந்த ஆட்சியின் முக்கியப் புள்ளியான தலாத் பாஷா, 1921-ல் பெர்லினில் சுட்டுக் கொல்லப்பட்டார். டாஷ்னாக் திட்டமிட்ட 'நெமிசிஸ்' நடவடிக்கையின் ஒரு பகுதி அது.

ஆட்சியில் இருந்தது இரண்டரை வருஷம்

1918 மே 28-ல் முதல் ஆர்மீனியக் குடியரசு பிறந்தது. நான்கு பிரதமர்கள், நால்வரும் டாஷ்னாக். 1919 தேர்தலில் 80 இடங்களில் 72 இவர்களுக்கு. அந்த வங்கிக்குள் புகுந்த இளைஞர்களில் ஒருவரான அர்மென் காரோ, அமெரிக்காவுக்கான தூதரானார்.

1920 டிசம்பரில் எல்லாம் முடிந்தது. சோவியத் ஆட்சி வந்தது, கட்சி தடை செய்யப்பட்டது. முதல் பிரதமர் ஹோவன்னஸ் கஜஸ்னுனி 1923-ல் சொந்தக் கட்சிக்கே ஒரு அறிக்கை கொடுத்தார். "இனி டாஷ்னாக் செய்வதற்கு ஒன்றும் இல்லை, கலைத்துவிடலாம்" என்பது அதன் சாரம். கட்சி கேட்கவில்லை. அவர் சோவியத் ஆர்மீனியாவுக்கே திரும்பினார். ஸ்டாலின் காலத்தில் கைதாகி சிறையிலேயே இறந்தார்.

அடுத்த 70 ஆண்டுகள் கட்சி வாழ்ந்தது லெபனான், ஈரான், பிரான்ஸ், அமெரிக்கா என்று வெளிநாடுகளில். பள்ளிக்கூடம், பத்திரிகை, விளையாட்டுக் கழகம், தேவாலயம் என எல்லாவற்றிலும் கட்சியின் கை இருந்தது. பெய்ரூட்டின் புர்ஜ் ஹம்மூத் பகுதியில் இன்றும் அது ஒரு அரசியல் சக்தி. மொழியும் நினைவும் அழியாமல் காத்ததில் இவர்கள் பங்கை எதிரிகள்கூட மறுக்க மாட்டார்கள்.

சோவியத் உடைந்தபோது கட்சி ஊர் திரும்பியது. ஆனால் 1994 டிசம்பர் 28-ல் அதிபர் லெவோன் டெர்-பெட்ரோசியன், கட்சிக்குள் ரகசிய பயங்கரவாதக் குழு இருக்கிறது என்று சொல்லி முடக்கினார். தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன! 1998-ல் ராபர்ட் கோச்சார்யன் வந்த பிறகுதான் தடை நீங்கியது. அந்த நன்றிக்கடனோ என்னவோ, கோச்சார்யனுடனான நட்பு இன்னும் தொடர்கிறது.

அதற்குப் பிறகு கூட்டணியில் சேர்வது, விலகுவது என்றே காலம் போனது. 2009-ல் துருக்கியுடன் சமரசம் பேசியதற்காக அரசிலிருந்து வெளியேறினார்கள். 2018 புரட்சியில் நிகோல் பஷின்யான் ஆட்சிக்கு வந்தபோது அமைச்சரவையில் சேர்ந்தார்கள். சில மாதங்களில் வெளியேற்றப்பட்டார்கள். அந்த டிசம்பர் தேர்தலில் தனித்து நின்று 4 சதவீதம்கூடத் தொடவில்லை. 2021-ல் கோச்சார்யனுடன் சேர்ந்ததும் கூட்டணிக்கு 29 இடங்கள். ஆக, இவர்களுடைய சொந்த ஓட்டு எவ்வளவு என்பது கணக்கில் சிக்காத விஷயம்.

அப்படி என்ன கொள்கை?

காகிதத்தில் சோஷலிசக் கட்சி. உயிர்நாடி வேறு: 'ஹாய் தத்', அதாவது ஆர்மீனியரின் வழக்கு. 1915 இனப்படுகொலைக்கு அங்கீகாரம், இழப்பீடு, இழந்த நிலத்தின் மீதான உரிமை ஆகியவை அதில் அடக்கம். 'சுதந்திர, ஐக்கிய ஆர்மீனியா' என்பது லட்சியம். 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் தாக்குதலுக்குப் பின் கராபாக்கை விட்டு வெளியேறிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பாகத் திரும்ப வேண்டும் என்பதும் கோரிக்கை.

பஷின்யான் இதற்கு நேர் எதிர். 'உண்மையான ஆர்மீனியா' என்று அவர் சொல்வது, இன்றைய எல்லைக்குள் இருக்கும் 29,743 சதுர கிலோமீட்டரை மட்டும். பழைய வரைபடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் இருக்கிற நாடும் போய்விடும் என்கிறார். விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால் எங்கே நிற்கும் என்று டாஷ்னாக் திருப்பிக் கேட்கிறது. 2020 போரில் தோற்ற பிறகும் எதிர் தரப்பின் நிபந்தனைகள் நின்றபாடில்லை என்பதால், இந்தக் கேள்வியைச் சும்மா ஒதுக்க முடியாது.

இப்போதைய நிபந்தனை, அரசியல் சட்டத்தை மாற்றுவது. அதன் முகவுரை 1990 சுதந்திரப் பிரகடனத்தைக் குறிப்பிடுகிறது. அந்தப் பிரகடனமோ கராபாக்குடன் இணைவது பற்றிப் பேசுகிறது. அதை நீக்கினால்தான் இறுதிக் கையெழுத்து என்கிறது அஜர்பைஜான். புதிய அரசியல் சட்டத்துக்குப் பொதுவாக்கெடுப்பு நடத்த பஷின்யான் தயார். டாஷ்னாக் கடுமையாக எதிர்க்கிறது.

இதில்தான் சிக்கல். ஆர்மீனியாவில் சுமார் 30 லட்சம் பேர். வெளிநாடுகளில் அதைவிட அதிகம். இரட்டைக் குடியுரிமைக்காகப் போராடி 2007-ல் அதைப் பெற்றதில் டாஷ்னாக்கின் பங்கு பெரியது. ஆனால் அதே ஆண்டு, வெளிநாட்டிலிருந்து ஓட்டுப் போடும் வசதி நீக்கப்பட்டது. தூதரக அதிகாரிகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. பெய்ரூட்டிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ இருக்கும் ஒரு டாஷ்னாக் உறுப்பினர் குடியுரிமை வைத்திருந்தாலும், வாக்குச்சாவடிக்கு ஆர்மீனியாவுக்குத்தான் வர வேண்டும்.