தேர்வாளர் குழு

அமெரிக்க அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் 538 பேருக்கு ஆங்கிலத்தில் 'எலக்டோரல் காலேஜ்' என்று பெயர். கல்லூரி என்று எண்ணிவிட வேண்டாம். 'கொலேஜியம்' என்ற லத்தீன் சொல்லுக்கு ஒரே பணியில் இணைந்தோரின் அமைப்பு என்று பொருள். நம் உச்ச நீதிமன்றக் கொலீஜியத்துக்கும் அதுவே வேர். வேடிக்கை என்னவென்றால், 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தில் இந்தத் தொடரே கிடையாது. 'தேர்வாளர்கள்' என்றுதான் இருக்கிறது. அவர்கள் ஒருநாளும் ஓரிடத்தில் கூடுவதில்லை, அவரவர் மாநிலத்திலேயே வாக்களிக்கிறார்கள். 'குழு' என்பதே சற்றுத் தாராளம்தான். 2016-இல் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் டிரம்ப் அதிபரானது இந்த ஏற்பாட்டால். நேரடி வாக்கு கேட்போருக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் சாசனத்தைத் திருத்த நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் இசைய வேண்டும்.