பதவிப் பெயர்களும் தொழிற்பெயர்களே

வினையின் பெயராய் நிற்பதைத் தமிழ் இலக்கணம் தொழிற்பெயர் என்கிறது. பழைய ஆங்கிலப் பதவிப் பெயர்களின் வேரை நாடிச் செல்வோர்க்கு, அவையும் வேறொரு வகையில் தொழிற்பெயர்களே என்பது புலனாகும். இன்று மதிப்பையும் அதிகாரத்தையும் உணர்த்தும் அச்சொற்கள், பிறந்த காலத்தில் ஒரு வேலையை, பெரும்பாலும் எளிய வேலையை, உணர்த்தின.

'லார்டு' என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்வேர்டு'. 'ஹ்லாஃப்' என்பது ரொட்டி. 'வேர்டு' என்பது காவலன். தன்னைச் சார்ந்தோரின் உணவைக் காப்பவனே பிரபு. 'லேடி' என்பதன் மூலவடிவமோ ரொட்டிக்கு மாவு பிசைபவள் எனப் பொருள்படும். கி.பி. 600ஐ ஒட்டிக் கென்ட் நாட்டை ஆண்ட ஏதல்பர்ட்டின் சட்டத் தொகுப்பில், ஒருவனை அண்டி வாழ்பவனுக்கு 'ரொட்டி உண்பவன்' என்றே பெயர். செஞ்சோற்றுக் கடன் என்று உண்டவனின் கடமையை நாம் பேசுகிறோம். அவர்கள் சோறிடுபவனின் கடமையை அவன் பெயரிலேயே பொறித்து வைத்தனர்.

'நைட்' என்னும் வீரப் பட்டத்தின் மூலம் 'க்னிஹ்ட்'. சிறுவன், ஏவலாள் என்பன அதன் பொருள். 'ஸ்டூவர்டு' என்பவன் இல்லத்தின் காவலன். ஸ்காட்லாந்தில் அப்பதவியை வழிவழியாக வகித்த குடும்பம் 1371இல் அரியணை ஏறியது. பணியாளின் பெயர் அரச குலத்தின் பெயராயிற்று.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு மொழி வழியாகவும் பதவிப் பெயர்கள் பல வந்து குடியேறின. அவற்றுள் இரண்டு, குதிரை லாயத்தில் பிறந்தவை. 'மார்ஷல்' என்பவன் குதிரைப் பணியாள். 'கான்ஸ்டபிள்' என்பது லாயத் தலைவன் எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் திரிபு. தொடக்கத்தில் தலைவனே உயர்ந்தவன். காலப்போக்கில் பணியாளின் பெயர் ஃபீல்டு மார்ஷல் என்னும் படைத்துறைச் சிகரத்தை எட்டியது. தலைவனின் பெயரோ காவல்துறையின் கீழ்ப்படிக்கு இறங்கி, நம் சிற்றூர்கள் வரை நடந்து வந்துவிட்டது. சொற்களின் ஏற்றத்தாழ்வும் மனிதர்தம் ஏற்றத்தாழ்வைப் போன்றதே.

கடமையோடு நெடுங்காலம் பிணைந்திருந்த பெயர் 'ஷெரீப்'. 'ஷயர்' என்னும் மாவட்டமும், 'ரீவ்' என்னும் காரியக்காரரும் கூடிப் பிறந்த சொல் இது. நார்மானியரும் இப்பதவியை விட்டுவைத்தனர். மன்னனுக்குரிய வருவாயைத் திரட்டி, கட்டம் போட்ட துணி விரித்த மேசையின்முன் ஷெரீப் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அந்தக் கட்டத்துணியே 'எக்ஸ்செக்கர்' என்று கருவூலத்திற்குப் பெயர் தந்தது. ஷெரீப்புகளின் முறைகேடுகளை 1170இல் இரண்டாம் ஹென்றி விசாரித்துப் பலரைப் பதவியிலிருந்து அகற்றினான். நாட்டின் சட்டத்தை அறிந்தவரையும், அதனைப் பேணும் கருத்துடையவரையுமே இத்தகைய பதவிகளில் அமர்த்துவதாக 1215இன் மகாசாசனத்தில் மன்னன் ஜான் உறுதியளிக்க நேர்ந்தது. பெயர் குறித்த வேலையைப் பதவியாளர் மறந்தபோது, அதை நினைவூட்டச் சாசனமே தேவைப்பட்டது.

இப்பெயர் கடல் கடந்து சென்னைக்கும் வந்தது. 1726ஆம் ஆண்டுப் பட்டயத்தின்படி அமைந்த மேயர் நீதிமன்றத்தின் ஆணைகளை நிறைவேற்றுவது இங்கு ஷெரீப்பின் பணி. காலம் செல்லச் செல்லப் பணி தேய்ந்தது. விருந்தினரை வரவேற்கும் சிறப்பு மட்டும் எஞ்சியது. 1998இல் அப்பதவியே நீக்கப்பட்டது. பணி முன்னே போக, பெயர் பின்னே போயிற்று.

'மினிஸ்டர்' என்னும் இலத்தீன் சொல்லுக்கும் பணியாள் என்பதே பொருள். அதனை இன்று வகிப்போர் அறிவரோ, அறியாரோ, சொல் அறியும். சொல்லின் பழம்பொருளைத் தேடிக் காப்பது கவிஞர்தம் கடமை. அக்காவல் தளராதிருக்கும் வரை, அதிகாரம் தன் பிறப்பை முற்றிலும் மறைத்துவிட இயலாது.