ஒரு தேசம் துப்பாக்கி தேர்ந்த கதை

மன்னர்களின் பெயரும் போர்களின் ஆண்டும் மனப்பாடம் செய்வதே சரித்திரம் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். நாற்பதாண்டுக் காலம் வகுப்பறையில் நின்ற எனக்கு அந்த எண்ணத்தின் மீது சற்றுக் கோபமுண்டு. ஒரு கருவியை ஒரு நாடு எப்படித் தேர்ந்தெடுத்தது, எவ்வளவு பணத்தை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, தேர்ந்தெடுக்கத் தாமதித்ததால் யார் மாண்டனர் என்பதும் சரித்திரமே. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகையது. மலிவாகவும், கைக்கடக்கமாகவும், தானே தோட்டா ஏற்றிக்கொள்வதாகவும் உள்ள ஒரு துப்பாக்கியைத் தேடி உலகப் படைகள் அலைந்த கதையும், அந்தத் தேட்டத்தில் நம் நாடு பட்ட பாடும்.

நான் அரியக்குடியில் இருப்பவன். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய திருப்பத்தூரில்தான் 1801 அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அதன் பின் கும்பினி ஆட்சி பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்தது. குடிகளின் ஆயுதங்களையும் களைந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. விடுதலைக்குப் பின் 1959இல் வந்த புதிய சட்டமும் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடவில்லை. வேறு சில நாடுகளில் குடிமகன் கடைக்குப் போய், விலை கேட்டு, தோளில் வைத்துப் பார்த்து இவ்வகைத் துப்பாக்கியை வாங்குகிறான். நம் நாட்டில் அப்படித் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அரசாங்கத்தைச் சேர்ந்தது. ஆகவே இக்கதையின் வாங்குபவர் ஒரு தேசம் என்று கொள்ளுங்கள்.

கருவியின் இயக்கத்தை முதலில் விளக்கிவிடுகிறேன். பழைய ரைபிளில் ஒரு தோட்டாவைச் சுட்டபின் வலக்கை விசையை விட்டு நீங்கி, தாழ்ப்பாளைப் போன்ற ஓர் இரும்புத் தண்டைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, மீண்டும் முன்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். அதற்குள் கண் குறியிலிருந்து விலகிவிடும். தானே நிரம்பும் துப்பாக்கியில் குழலினுள் எழும் வெடிவாயுவின் ஒரு சிறு பகுதி ஒரு துளை வழியே பிரிந்து ஓர் உந்துதண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வெற்றுக்கூடு தெறித்து விழுகிறது. சுருள்வில் எல்லாவற்றையும் முன்னுக்குக் கொணரும்போது புதிய தோட்டா ஏறிவிடுகிறது. வீரன் செய்ய வேண்டியது விசையை ஒரு முறை அழுத்துவது. ஒரு முறைக்கு ஒரு குண்டு. விசையைப் பிடித்திருக்கும்வரை குண்டுகளைப் பொழியும் இயந்திரத் துப்பாக்கி வேறு, இது வேறு. இதனால்தான் இதனை அரைத்தானியங்கி என்கிறோம்.

இதைப் பெரும்படை முழுவதற்கும் முதலில் கொடுத்த நாடு அமெரிக்கா. 1936இல் அந்நாடு ஏற்றுக்கொண்ட காரண்ட் துப்பாக்கி எட்டுத் தோட்டா கொள்வது, எடை நான்கு கிலோவுக்கு மேல். அதை வடிவமைத்த ஜான் காரண்ட் சிறிய தோட்டா ஒன்றுக்காகவும் அதனைச் செய்து காட்டினார். 1932இல் படைத்தலைவர் மக்கார்தர் அதனை மறுத்துவிட்டார். பழைய தோட்டாக்கள் கிடங்குகளில் குவிந்து கிடந்தமை அதற்கொரு முக்கியக் காரணம். துப்பாக்கியின் விலை அதை வாங்கும் நாளோடு முடிவதில்லை; அது ஆயுள் முழுவதும் தின்னும் தோட்டாக்களின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். எங்கள் செட்டிநாட்டுப் பெரியவர்கள் ஆண்டிறுதியில் ஐந்தொகை எழுதும்போது பார்ப்பது போன்ற பார்வை அது. மக்கார்தர் நல்ல கணக்கர்தாம்.

பின்னர் அமெரிக்கர் கைக்கடக்கமான ஒன்றையும் செய்தனர். 1941இல் வந்த எம்-1 கார்பைன் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு, பதினைந்து தோட்டா, மலிவு. அறுபது லட்சத்துக்கு மேல் செய்து குவித்தனர். ஆனால் அதன் தோட்டா சிறியது, எட்டும் தூரமும் குறைவு. பிரிட்டிஷாரும் 1944இல் காட்டுப்போருக்கென்று தங்கள் 303 ரைபிளின் குழலைக் குறுக்கி, எடையைக் குறைத்து ஒரு கார்பைன் செய்தனர். நம் பக்கத்துக் குடும்பங்கள் பல தேக்கும் நெல்லும் வட்டிக்கடையுமாக வாழ்ந்து, 1942இல் விட்டு ஓடிவந்த பர்மா, மலாயா நாடுகளின் காடுகளை எண்ணிச் செய்யப்பட்ட துப்பாக்கி அது. இதிலும் தாழைக் கையால் இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். எடை குறைந்ததால் தோளில் உதை கடுமையாயிற்று. குறி நிலைப்பதில்லை என்ற புகாரும் எழுந்தது. 1947இல் அதன் உற்பத்தியை நிறுத்தினர். மலிவு, குறுமை, வலிமை என்ற மூன்றில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றொன்று நழுவுகிறது. இந்த இழுபறிதான் இக்கதை முழுவதும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். விடுதலை பெற்ற இந்தியப் படையின் கையில் இருந்தது அதே 303 லீ-என்பீல்டு. பத்துத் தோட்டா கொண்டது. கைதேர்ந்தவன் ஒரு நிமிடத்தில் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடுவான். கல்கத்தாவுக்கு வடக்கே, ஊக்ளிக் கரையிலுள்ள இசாப்பூர் தொழிற்சாலையில் அது உருவாயிற்று. அக்காலத்து வெடிமருந்தான கார்டைட்டைச் செய்வதற்கு நீலகிரி அருவங்காட்டில் ஒரு தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. நான் பள்ளி மாணவனாக என்.சி.சி. அணிவகுப்பில் நின்றபோது இந்த 303தான் என் தோளில் இருந்தது. எங்கள் உஸ்தாத் அதை மரியாதையோடு கையாளச் சொல்வார். நல்ல துப்பாக்கி, ஐயமில்லை. இரண்டு உலகப் போர்களைக் கண்டது. ஆனால் நூற்றாண்டின் நடுவில் உலகம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது.

ரஷ்யர்கள் 1945இல் சிமோனோவ் என்பவர் வடிவமைத்த தானே நிரம்பும் கார்பைனை ஏற்றனர். பத்துத் தோட்டா, நீளம் ஏறத்தாழ 102 செ.மீ., எடை நான்கு கிலோவுக்குள். அதன் தோட்டா நடுத்தர அளவானது. பழைய ரைபிள் தோட்டாவைவிடச் சிறியது, கைத்துப்பாக்கித் தோட்டாவைவிடப் பெரியது. முந்நூறு மீட்டருக்கு அப்பால் வீரன் சுடுவது அரிது என்று போர்க்கள அனுபவம் சொல்லிற்று. அதற்கேற்பத் தோட்டாவைக் குறுக்கினார்கள். எளிய பொறி, முரட்டு உழைப்பு, குறைந்த செலவு. சீனா 1956 முதல் அதனைத் தானே செய்யத் தொடங்கிற்று.

1962 அக்டோபர் 20ஆம் நாள் இமயத்தில் போர் மூண்டது. நம் வீரர் கையில் 303. எதிர்ப்பக்கத்தில் தானே நிரம்பும் கார்பைன். நவம்பர் 18ஆம் நாள் லடாக்கின் ரெசாங்லாக் கணவாயில் மேஜர் சைத்தான் சிங் தலைமையில் 13ஆம் குமாவுன் படையின் ஒரு கம்பெனி நின்றது. பதினாறாயிரம் அடி உயரம். உறைய வைக்கும் குளிர். ஏறத்தாழ 120 பேரில் 110 பேருக்கு மேல் அங்கேயே மடிந்தனர். விரல் மரத்த நிலையில் ஒவ்வொரு குண்டுக்கும் தாழை இழுத்துத் தள்ளுவது எவ்வளவு கொடுமை என்பதை, கையுறையோடு ஒரு பேனா மூடியைத் திருகிப் பார்த்து ஓரளவு உணரலாம். அப்போரில் தோல்விக்குத் துப்பாக்கி மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பாதையின்மை, குளிராடையின்மை, தலைமையின் தவறான மதிப்பீடு ஆகியவை அதனினும் பெரிய காரணங்கள். ஆனால் துப்பாக்கி அக்கணக்கில் ஓர் உருப்படியாக இருந்தது.

எந்தத் துப்பாக்கியைத் தேர்வது? மேற்கு நாடுகளில் அப்போது ஒரு வழக்கு நடந்து முடிந்திருந்தது. பிரிட்டன் 1951இல் குறுகிய வடிவும் சிறிய தோட்டாவும் கொண்ட புதுமாதிரி ஒன்றை ஏற்றது. அமெரிக்கா பெரிய தோட்டாதான் வேண்டும் என்று நின்றது. சர்ச்சில் ஆட்சிக்கு வந்ததும் பிரிட்டன் தன் முடிவைக் கைவிட்டது. நேட்டோ நாடுகளுக்கெல்லாம் 7.62 மி.மீ. தோட்டா பொதுவாயிற்று. அந்தத் தோட்டாவுக்குப் பெல்ஜியத்தில் சேவ் என்ற அறிஞர் வடிவமைத்த துப்பாக்கியைப் பல நாடுகள் தழுவின. பிரிட்டன் தனக்கேற்ற மாற்றங்களோடு அதனை எடுத்துக்கொண்டது. தொடர்ந்து பொழியும் வசதியை அதிலிருந்து நீக்கிவிட்டது. தோட்டா வீணாகும், குழல் மேல்நோக்கித் துள்ளும் என்பதே கருத்து. சிக்கனமும் திறமையும் ஒருங்கே அமைந்த முடிவு என்பது என் எண்ணம்.

இந்தியாவும் இதே வழியில் சென்றது. அறுபதுகளில் இசாப்பூரில் உருவான 7.62 மி.மீ. சுயநிரப்புத் துப்பாக்கி பெரிதும் பிரிட்டிஷ் மாதிரியை ஒத்தது. இருபது தோட்டா; ஒரு முறைக்கு ஒரு குண்டு. படைவீரர் எல்லோரும் அதனை எஸ்.எல்.ஆர். என்றே அழைத்தனர். வலிமையில் குறையில்லை, கைக்கடக்கம் என்று சொல்ல முடியாது. ஒரு மீட்டருக்கு நன்கு மேற்பட்ட நீளம், நான்கு கிலோவுக்கு மேற்பட்ட எடை. தோட்டா ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 கிராம்.

அத்துடன் நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. புதிய துப்பாக்கி எல்லோருக்கும் போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை என் செய்வது? இசாப்பூர்ப் பொறியாளர் பழைய லீ-என்பீல்டு அமைப்பையே எடுத்து, மேலும் உறுதியான எஃகில் வார்த்து, புதிய 7.62 தோட்டாவுக்கு ஏற்றபடி செய்துவிட்டனர். இருந்த பொறிகளே போதும். இருந்த தொழிலாளரே போதும். தாழை இழுக்கும் பழைய முறைதான். ஆயினும் இரண்டு வகைத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா. அன்னியச் செலாவணி முடை நிலவிய நாடு செய்த வேலை இது. பழைய வேட்டியைக் கிழித்து விளக்குத் திரியாக்கும் குடித்தனப் பாங்கு என்று ஒருவர் ஏளனம் செய்யலாம். குடித்தனம் அப்படித்தான் நடக்கிறது.

1966இல் திருச்சிராப்பள்ளியிலும் படைக்கலத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1971 டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் எதிர்ப்படை சரணடைந்தபோது நம் காலாட்படையின் முதன்மைத் துப்பாக்கி எஸ்.எல்.ஆர். ஆகவே இருந்தது.

அதன்பின் உலகம் மீண்டும் சிறிய தோட்டாவை நாடிற்று. 5.56 மி.மீ. தோட்டா ஏறத்தாழ 12 கிராம். அதே சுமையில் இரு மடங்கு எடுத்துச் செல்லலாம். நம் நாடு அதற்கென்று வடிவமைத்த இன்சாஸ் தொண்ணூறுகளில் படையில் சேர்ந்தது. திருச்சியிலும் அது உருவாயிற்று. 1999இல் கார்கில் குளிரில் அதன் நெகிழிப் பெட்டிகள் விரிசல் விட்டதாகச் செய்திகள் வந்தன. இமயக் குளிர் இரண்டாவது முறை பரிசோதகராக அமர்ந்தது.

காவல்துறையின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 2008 நவம்பர் 26இல் பம்பாய் சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் தானியங்கிகளோடு வந்த கொலைகாரரை எதிர்த்தவர் சிலர் கையில் அப்போதும் 303தான் இருந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அந்தத் துப்பாக்கிக்கு 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடுதான் விடைகொடுத்தது.

இன்சாசுக்கு மாற்றுத் தேடும் வேலை அண்மைக்காலத்தது. 2019இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் 72,400 துப்பாக்கிகள் கேட்கப்பட்டன. அவை கொள்வது எஸ்.எல்.ஆர். கொண்ட அதே 7.62 நேட்டோ தோட்டா. 2021 டிசம்பரில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஏ.கே.-203 துப்பாக்கிகளை அமேதியை அடுத்த கோர்வாவில் செய்ய ரஷ்யாவோடு ஒப்பந்தமாயிற்று. அதன் தோட்டா 39 மி.மீ. நீளக் கூடு கொண்ட நடுத்தர அளவு 7.62. 1962இல் எதிர்ப்பக்கத்துக் கார்பைன்களில் இருந்தது அதுவே.