வந்தான், வந்தானாம்

ஆங்கிலம் படிக்கும் துருக்கியர்களுக்கு ‘ஹியர்’ என்ற சொல் முதலில் ரொம்பச் சுலபமாகத்தான் தெரியும். காதில் விழுவதற்கு அவர்களிடம் ‘துய்மாக்’ இருக்கிறது. உற்றுக் கேட்பதற்கு ‘தின்லெமெக்’. ஆங்கிலத்தின் ‘ஹியர்’, ‘லிசன்’ ஜோடிக்கு அப்படியே பொருந்திவிடும். துய்மாக்குக்கு மனதில் உணர்வது என்ற பொருளும் உண்டு. உணர்ச்சியைக் குறிக்கும் ‘துய்கு’ அதே வேரிலிருந்து வந்ததுதான்.

சிக்கல் வேறு இடத்தில். ‘ஐ ஹியர் யூ ஆர் கெட்டிங் மேரிட்’ என்பதைத் துருக்கியர் இயல்பாகச் சொன்னால், அதில் கேட்பது என்ற வினையே இருக்காது. ‘எவ்லெனியோர்முஷ்சுன்’. ஒரே சொல். உள்ளே இருக்கும் ‘முஷ்’தான் காதின் வேலையைச் செய்கிறது. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம்: “உனக்குக் கல்யாணமாமே?” அந்த ‘ஆம்’தான் இந்த ‘முஷ்’. நம் கதைகளில் ராஜா ‘இருந்தானாம்’. துருக்கிக் கதைகளும் ‘ஒருத்தர் இருந்தாராம், ஒருத்தர் இல்லையாம்’ என்றுதான் தொடங்கும்.

இது நேற்று வந்த வழக்கம் இல்லை. 1070களில் மஹ்மூத் அல் காஷ்கரி, துருக்கிய மொழிகளை அரபு வாசகர்களுக்கு விளக்க ஒரு பெரிய அகராதியை எழுதினார். ‘பர்தி’ என்றால் போனான், சொல்பவர் பார்த்திருக்கிறார். ‘பர்மிஷ்’ என்றாலும் போனான்தான், ஆனால் சொல்பவர் பார்க்கவில்லை. இந்த வித்தியாசத்தை அவர் அன்றே குறித்துவைத்தார். அந்த அகராதிக்கு இன்று மிஞ்சியிருப்பது 1266ல் படியெடுத்த ஒரே ஒரு கைப்பிரதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஸ்தான்புல்லில் அலி எமிரி என்ற நூல் சேகரிப்பாளர் கையில் அது சிக்கியிருக்காவிட்டால், இந்தச் சாட்சியமும் நமக்கு இல்லை.

ஆனால் பார்த்தது, கேட்டது என்று இரண்டாகப் பிரித்தால் கதை முடிந்துவிடுவதில்லை. மொழியியலாளர்கள் அய்ஹான் அக்சு-கோச்சும் டான் ஸ்லோபினும் 1980களில் ஓர் அருமையான உதாரணம் தந்தார்கள். 1974ல் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகினார். அதே ஆண்டு துருக்கிப் பிரதமர் எஜெவிட்டும் விலகினார். துருக்கி மக்கள் இரண்டையுமே நேரில் பார்க்கவில்லை, செய்தியாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் நிக்சனுக்கு ‘எத்தி’, விலகினார். எஜெவிட்டுக்கு ‘எத்மிஷ்’, விலகிட்டாராம். காரணம்? நிக்சன் விலகுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். எஜெவிட்டின் செய்தி திடீரென்று வந்து விழுந்தது.

அதாவது ‘மிஷ்’, தகவல் எந்த வழியாக வந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. மனம் அதற்குத் தயாராக இருந்ததா என்பதையும் சொல்கிறது. நம் ‘ஆம்’ இவ்வளவு தூரம் போகாது. வாசலில் ஈரத்தைப் பார்த்துவிட்டுத் துருக்கியர் ‘யாமுர் யாமிஷ்’, மழை பெய்திருக்கிறது என்பார். நாம் அங்கே ‘பெய்ததாம்’ என்றால், யாரோ வந்து சொன்னார்கள் என்றாகிவிடும்.

இப்போது ஒரு மொழிபெயர்ப்பாளரை நினைத்துப் பாருங்கள். ‘ஹி டைட்’ என்ற ஆங்கில வாக்கியத்தைத் துருக்கிக்குக் கொண்டுபோக வேண்டும். ‘ஒல்தூ’வா, ‘ஒல்முஷ்’ஷா? ஆங்கிலம் எந்தக் குறிப்பும் தராது. சொன்னவர் பக்கத்தில் இருந்தாரா, போனில் கேட்டாரா, அந்த இறப்பை ஏற்றுக்கொண்டுவிட்டாரா, எல்லாவற்றையும் இவரே முடிவு செய்ய வேண்டும். எதிர்த்திசையில் போனால் இழப்பு வேறு மாதிரி. ‘ஐ ஹியர்’ என்று சேர்க்க மறந்துவிட்டால் வதந்தி அப்படியே உண்மையாகிவிடும். வாக்கியத்தில் இலக்கணப் பிழைகூட இருக்காது.

ஆங்கிலத்தில் ‘ஹியர்’ விருப்பம். விட்டாலும் வாக்கியம் ஓடும். துருக்கியில் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அதனால் துருக்கியர்கள் பொய் சொல்வதில்லை என்று அர்த்தமில்லை. பார்க்காத ஒன்றுக்குத் தாராளமாக ‘தி’ போடலாம். ஆனால் அப்படிப் போடும்போது, தான் என்ன செய்கிறோம் என்பது போடுகிறவருக்குத் தெரியும்.