சவார்

பாரசீகத்தில் ஊர்தியின்மேல் ஏறிச் செல்வோன் எனப் பொருள்படும் சவார் என்னும் சொல், உருதுவின் வழியே பாரதப் படைமொழியிற் புகுந்து, காலாட்படைச் சிப்பாய்க்கு நிகரான குதிரைவீரனின் பதவிப் பெயராயிற்று. அதன் கிளையாகிய சவாரியோ தமிழில் வேரூன்றி, யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டிப் பந்தயத்திற்கே பெயராய் வழங்குகிறது.

பழைய சில்லாதார் முறைப்படி, சவாராகச் சேரும் இளைஞன் தன் குதிரையையோ அதற்கீடான பணத்தையோ கொண்டுவர வேண்டியிருந்தமையால், அவனைச் சேணத்தில் ஏற்றியது பெரும்பாலும் குடும்பத்தின் உடைமையே. 1914இல் தொடங்கிய மகாயுத்தத்தில் பிரான்சுக்குச் சென்ற இவ்வீரர்கள், தாமே எழுதியும், எழுத்தறியாதார் பிறரைக் கொண்டு எழுதுவித்தும் ஊருக்கு விடுத்த கடிதங்கள் தணிக்கை அதிகாரிகளின் பார்வையைக் கடந்தே வீடு சேர்ந்தன. மழை பெய்ததா, விளைச்சல் எவ்வாறு, குழந்தைகள் சுகமா என்று வினவும் அவ்வரிகளை வாசிப்போர், போர்க்களத்து வீரனைக் காட்டிலும் குடும்பஸ்தனையே அங்கு காண்பர். சவாரின் உண்மைச் சரித்திரம் அக்கடிதங்களில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

கண்டி இச்சரித்திரத்தில் இடம்பெறுவது இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல். நேசநாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை, கண்டிக்கு அருகே மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைத்தார். அத்தலைமையின் கீழ் 1945இல் பர்மாவின் மெய்க்டிலாவிற் போரிட்ட இந்தியப் படைப்பிரிவாகிய புரோபின் குதிரைப்படைக்கு அப்போது குதிரைகளே இல்லை. ஷெர்மன் டாங்கிகளிலேயே அவர்கள் சென்றனர். ஆயினும் டாங்கியைச் செலுத்தியவனும் சவாரே. இந்தியக் கவசப்படையில் அப்பதவிப் பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.